கடுகிலும் சிறிய குளவிகளுக்குப் பெயர் வைத்தவர்

பெங்களூருவிலிருந்து ரயிலில் மைசூருவுக்கு வருகிறவர்கள் மண்டியா பக்கம் கரும்பு வயல்களைப் பார்க்காமல் வர முடியாது. கரும்பின் பெரிய விரோதி தண்டைத் துளைக்கும் புழு. அந்தப் புழுவுக்கும் ஒரு விரோதி உண்டு. 'டிரைக்கோகிரம்மா' என்ற குளவிதான் அது. நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கும். 1930-களிலேயே மைசூர் சமஸ்தானத்தில் இக்குளவிகளைப் பெருவாரியாக வளர்க்கும் சோதனை நடந்தது.

இத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகளில் 3,000-க்கும் மேற்பட்ட புதிய வகைகளை விவரித்துப் பெயரிட்டவர் அலெக்சாண்டர் ஆர்சீன் ஜிரால்ட்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸ் நகரில் 1884 ஜனவரி 9-ஆம் தேதி பிறந்தார். வர்ஜீனியாவில் படித்து 1903-இல் பட்டம் பெற்றார். 1911-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து சென்று, கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் அறிஞராக வேலைக்கு அமர்ந்தார். கரும்பின் வேரைத் தின்னும் புழுவை ஒழிக்க வழி காண்பதே அவருக்கு இட்ட வேலை. ஆனால் அவர் மனமெல்லாம் காட்டில் பறந்த, பெயரில்லாத குளவிகள் மீதே இருந்தது.

1914-இல் தாய்நாடு திரும்பி அரசாங்க வேலை பார்த்தார். 1917-இல் மீண்டும் குவீன்ஸ்லாந்து வந்தார். லாபத்துக்காக விஞ்ஞானம் செய்வதை அவர் வெறுத்தார். அதிகாரிகளோடு ஒத்துப்போகவும் அவருக்குத் தெரியவில்லை. இல்லிங்வொர்த் என்ற பூச்சியியல் அதிகாரியைக் கேலி செய்ய, அவர் பெயரைத் திரித்து, வியாழன் கிரகத்தில் கிடைத்த, உள்ளே ஒன்றுமில்லாத, நிழலும் விழாத பூச்சி என்று இல்லாத ஒன்றை விவரித்து அச்சிட்டுவிட்டார்!

பிடித்தவர்களை மட்டும் மறக்கவில்லை. ஒரு குளவிக்கு கதேயையும் ஷேக்ஸ்பியரையும் சேர்த்துப் பெயரிட்டார். இன்னொன்றுக்கு மொஸார்ட், பீத்தோவன் என்ற இரு இசை மேதைகளின் பெயர்கள்.

தம் எழுத்தைப் பிறர் திருத்துவதைப் பொறுக்காமல், கைக்காசைச் செலவிட்டு 60-க்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளைத் தாமே அச்சிட்டார். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எளிய செலவல்ல. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையும் போயிற்று. 1931-இல் மனைவி காலமானார். பின்னர் மனநோய் பற்றிக்கொண்டது. 1941 மே மாதம், பிரிஸ்பேனை அடுத்த கூட்னா மனநோய் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விலாசம் தப்பிய பார்சல் வேறு ஸ்டேஷனில் இறங்குவது போலத்தான் இதுவும். ஒரு குளவி தாக்கும் பூச்சியை இன்னொரு குளவி தொடாமல் போகலாம். இனம் தவறினால் வளர்த்துவிட்ட செலவு வீண்.

ஜிரால்ட் 1912-இல் பெயரிட்ட ஆஸ்திரேலியக் குளவியின் பெயரிலேயே நம் நாட்டுக் குளவியும் வெகுகாலம் அழைக்கப்பட்டது. பெங்களூருவில் பணியாற்றிய சுதா நாகர்கட்டி, எச்.நாகராஜா இருவரும் ஆண் குளவியின் இனவுறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிக்கலாம் என்று 1971-இல் எழுதினர். நம்முடையது வேறு இனம், 'கைலோனிஸ்' என்பது பிறகு தெளிவாயிற்று.

ஒரே கண்ணாடித் துண்டில் பல குளவிகளை ஒட்டிவைப்பது ஜிரால்டின் வழக்கம். பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பிரித்தறியப் பெரும்பாடு பட்டனர். ஆனாலும் எவரும் அவற்றைத் தள்ளிவிடவில்லை. 1979-இல் அவருடைய சொந்த வெளியீடுகள் அமெரிக்காவில் ஒரே தொகுதியாக மறுபடி அச்சாயின. அவர் சேர்த்த குளவிகள் பிரிஸ்பேனில் உள்ள குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. புதுக் குளவி கிடைத்தால், அது ஏற்கெனவே ஜிரால்ட் பெயரிட்டதுதானா என்று அறிஞர்கள் முதலில் பார்ப்பது அங்கேதான்.