வல்லம் தந்த கணித வல்லுநர் எஸ். எஸ். பிள்ளை

காரைதீவிலே பிறந்து, கல்முனையிலே பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியைப் பெற்ற விபுலானந்த அடிகளார், 1931ஆம் ஆண்டிலே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த செய்தியை நம் பகுதியிலே அறியாதார் இலர். அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டுகளில், கணிதப் பகுதியிலே இளம் விரிவுரையாளர் ஒருவர் பணிபுரிந்து வந்தார் என்பதும், உலகின் தலைசிறந்த கணிதர்கள் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்க முயன்ற ஒரு வினாவின் பெரும்பகுதிக்கு அவர் அங்கிருந்தே விடை கண்டார் என்பதும் நம்மிற் பலர் அறியாதன. அவர்தாம் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ். எஸ். பிள்ளை என்றே வழங்குகின்றது.

தமிழாசிரியனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று நம் கணித ஆசிரிய நண்பர்கள் நகைக்கக்கூடும். அடிகளார் தாமும் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்நூலிலே நரம்பின் அளவுகளை எண்கொண்டு நிறுவியவர். அந்தத் துணிவிலேயே நாமும் இதனை எழுதத் தலைப்பட்டோம்.

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், குற்றால மலைக்கு அண்மையிலுள்ள வல்லம் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிய அளவிலே தாயார் இறந்தார். உறவினரான முதியவள் ஒருத்தியின் துணைகொண்டு தந்தையாரே பிள்ளையை வளர்த்தார். செங்கோட்டைப் பள்ளியிலே பயின்றபோது, சாஸ்திரியார் என வழங்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் இச்சிறுவனின் கூர்மையைக் கண்டு அவன்மீது பேரன்பு கொண்டார். பள்ளிக் கல்வியின் இறுதியாண்டிலே தந்தையாரும் மறைந்தார். தாயுமில்லை, தந்தையுமில்லை, பொருளுமில்லை. அத்துடன் படிப்பு நின்றிருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார். நில்லாமற் காத்தவர் அந்தச் சாஸ்திரியாரே. ஓர் ஆசிரியரின் சொற்ப ஊதியத்திலிருந்து இன்னொருவர் பிள்ளையின் கல்விக்குப் பொருள் பிரிந்து போயிற்று.

ஆசிரியத் தொழிலைச் செய்து வரும் நமக்கு இவ்வரலாற்றிலே மனத்தைத் தொடும் இடம் இதுவே என்பதை மறைப்பானேன்? சாஸ்திரியாரின் பெயரால் ஒரு தேற்றமும் இல்லை. எனினும், பிள்ளையவர்களின் தேற்றங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய சில்லறைக் காசு கிடக்கின்றது.

நாகர்கோவில் ஸ்கொட் கிறித்தவக் கல்லூரியிலே இடைநிலை வகுப்பும், திருவனந்தபுரம் மகாராசாக் கல்லூரியிலே பட்ட வகுப்பும் உபகாரச் சம்பளத்தின் துணையால் நிறைவேறின. 1927ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கிடைத்தது. பல்கலைக்கழகத்திலே கணிதத்துக்கெனத் தனியொரு துறை தோன்றியதும் அவ்வாண்டிலேயே. 1913இலே இதே பல்கலைக்கழகம் துறைமுகக் கந்தோரில் எழுதுநராய் இருந்த இராமானுசனுக்கு மாதம் 75 ரூபா கொடுத்து ஆராய்ச்சி மாணவனாக்கிய கதை யாவரும் அறிந்தது. இராமானுசன் கேம்பிரிட்சு சென்று மீண்டு 1920இலே மறைந்துவிட்டார். அக்காலத்திலே கேம்பிரிட்சிலே பயின்று திரும்பிய ஆனந்தராவ் என்பார் சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராய் விளங்கினார். அவரும், புதிய துறையை ஏற்ற வைத்தியநாதசுவாமியும் பிள்ளையவர்களுக்கு வழிகாட்டிகளாயினர்.

நம் மாணவர் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம்: கணிதத்திலே ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? கூட்டலும் பெருக்கலும் என்றோ முடிந்த காரியங்கள் அல்லவா? நாம் ஒரு கடைக்குச் சென்று பார்ப்போம். கல்முனைச் சந்தையிலே வணிகர் ஒருவரிடம் 1, 8, 27, 64 என்று கனவெண்களின் நிறையுள்ள படிக்கற்களே உள்ளன எனக் கொள்க. ஒவ்வொன்றிலும் வேண்டிய அளவு உண்டு. ஆனால் கற்களை ஒரு தட்டிலேதான் வைக்கலாம். 23 இறாத்தல் நிறுக்க எத்தனை கற்கள் வேண்டும்? 27 மிகப் பெரிது. எட்டில் இரண்டு வைத்தால் 16. எஞ்சிய ஏழுக்கும் ஒன்றின் கற்கள் ஏழு. ஆக 9 கற்கள். வேறு எந்த நிறைக்கும் ஒன்பதுக்கு மேல் வேண்டியதில்லை. 1770ஆம் ஆண்டிலே இங்கிலாந்துக் கணிதர் வாரிங் என்பவர், எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின், அல்லது ஒன்பது கனங்களின், அல்லது பத்தொன்பது நான்காம் வலுக்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்றும், மேல் வலுக்களுக்கும் இவ்வாறு ஓர் எல்லை உண்டென்றும் நிறுவலின்றிச் சொல்லிச் சென்றார். அவ்வாண்டிலேயே இலக்ராஞ்சி நான்கு வர்க்கங்களுக்கு நிறுவினார். மற்றவை எளிதில் வசப்படவில்லை. எல்லை ஒன்று உண்டு என்பதையே 1909இலேதான் செருமனியின் இல்பேட்டு காட்டினார்; அந்த எல்லை எத்துணை என்பதோ எஞ்சி நின்றது.

இதனுட் கடினம் எங்குள்ளது என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஆறாம் வலுவை எடுத்துக்கொள்வோம். படிக்கற்கள் 1, 64, 729 என அமையும். 703 இறாத்தல் நிறுக்க 729 உதவாது. 64இல் பத்து வைத்தால் 640. எஞ்சிய 63க்கும் ஒன்றின் கற்களே. ஆக 73 கற்கள். இதுவரை பத்தாம் வகுப்பு மாணவனும் செய்வான். 73க்கு மேல் வேண்டும் எண் ஒன்றுமே இல்லை என்று எப்படி அறிவது? எண்களோ முடிவிலி. ஒவ்வொன்றாய் நிறுத்துப் பார்க்க ஊழிக்காலமும் போதாது. இராமானுசனும் ஆடியும் சேர்ந்து தொடங்கிய ஒரு முறையை ஆடியும் இலிட்டில்வுட்டும் இப்பிரச்சினைக்கு ஏற்றனர். உருசியாவின் வினோகிராதவ் 1935 அளவிலே அதனைக் கூர்மையாக்கினார். அம்முறையால், மிக மிகப் பெரிய ஓர் எண்ணுக்கு அப்பாலுள்ளவற்றுக்கெல்லாம் குறைந்த கற்களே போதும் என்று காட்டலாம். ஆனால் அந்தப் பேரெண்ணுக்கும், கையாற் கணக்கிடத்தக்க சிற்றெண்களுக்கும் இடையிலே கடல்போல் ஒரு வெளி கிடந்தது.

அவ்வெளியைக் கடந்தவர் பிள்ளையவர்கள். 1929ஆம் ஆண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட அவ்வாண்டிலேயே, அவர் அங்கு விரிவுரையாளராய்ச் சேர்ந்தார். 1941 வரை அங்கேயே இருந்தார். வகுப்புக்களும் விடைத்தாள்களும் ஒருபுறமிருக்க, அவருடைய சிறந்த ஆக்கங்களுட் பல அங்கேயே பிறந்தன. ஏழும் அதற்கு மேலுமான வலுக்களுக்கு வேண்டிய கற்களின் தொகைக்கு அவர் வாய்பாடு கண்டார். இரண்டை அந்த வலுவுக்கு உயர்த்துக; ஒன்றரையை அதே வலுவுக்கு உயர்த்திப் பின்னத்தை விட்டு முழு எண்ணை மட்டும் கூட்டுக; இரண்டைக் கழிக்க. ஒன்றரையின் வலுவிலே எஞ்சும் பின்னம்பற்றி ஒரு நிபந்தனை உண்டு; சோதித்துப் பார்த்த வலு ஒவ்வொன்றிலும் அது பொருந்தியே வந்துள்ளது. கனத்துக்கு இவ்வாய்பாட்டைப் போட்டுப் பார்க்க: 8உடன் 3 கூட்டி 2 கழிக்க 9. வணிகரின் கற்களே!

அமெரிக்காவிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் திக்சன் என்னும் பேராசிரியரும் 1936 அளவிலே இதே முடிவைத் தனியே கண்டார். அவர் புகழ்பெற்ற முதியவர்; மாணவர் பலரும் துணையிருந்தனர்; அவர் எழுதிய ஏடு உலகெங்கும் சென்றது. பிள்ளையவர்களின் கட்டுரையோ 1936இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஏட்டிலே வெளிவந்தது. அந்த ஏடு எத்தனை நூலகங்களின் தட்டுக்களை அடைந்திருக்கும்? இன்று இவ்விருவர் பெயரையும் சேர்த்தே கணிதர் கூறுவர். ஆயினும் பிறநாட்டு நூல்கள் சில நெடுங்காலம் முதற்பெயரோடு நின்றுவிட்டன. பெரிய ஊரிலிருந்து சொன்னால் ஒரு காதும், சிற்றூரிலிருந்து சொன்னால் மற்றொரு காதும் கொடுப்பது கற்றோர் உலகிலும் உள்ள வழக்கம் போலும்.

வாய்பாட்டுக்கு அடங்காது எஞ்சிய ஆறாம் வலுவைப் பிள்ளையவர்கள் தனியே முற்றுகையிட்டார். விடை 73 என்ற நிறுவல் 1940ஆம் ஆண்டிலே இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டிலே வெளியாயிற்று. இதில் அவருக்குப் பங்காளி எவருமிலர். ஐந்தாம் வலுவுக்கு 37 என்ற விடை 1964இலே சீனத்துச் சென் சிங்ருன் கையாலும், நான்காம் வலுவுக்கு வாரிங் சொன்ன 19 என்பது 1986இலே தமிழரான பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சுக் கணிதர் இருவரும் சேர்ந்த முயற்சியாலும் நிறுவப்பட்டன. சிறிய வலுக்களே இறுதிவரை முரண்டு பிடித்தன என்பது வியப்பே.

அதே 1940இல் அவர் கண்ட இன்னொன்று நம் மாணவர் கைக்கே எட்டும். அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுக்க. பதினாறு எண்கள் வரை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எவற்றோடும் ஒன்றைத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றுள் இருந்தே தீரும். பதினேழாயின் இந்த விதி உடைந்துவிடும்: 2184 முதல் 2200 வரை எழுதிப் பார்க்க. ஓய்வு வேளையிலே பென்சிலோடு உட்காருவோர்க்கு இது நல்ல விருந்து.

சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்திலே முதன்முதல் வழங்கிய விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பிள்ளையவர்களுக்கே உரியதாயிற்று. இன்று நம் பிள்ளைகள் சம்மாந்துறைக்குச் சென்றால் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலே கணிதம் பயிலலாம். கருத்தரங்குகளிலே தம் ஆய்வைச் சொல்லி, பலர் முன் வினாக்களுக்கு விடை இறுக்கலாம். பிள்ளையவர்கள் தொடங்கிய நாளிலே அத்துறையும் புதிது, ஆராய்வோரும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

1941இலே திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் சென்று ஓராண்டு பணிபுரிந்தபின், அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். இட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்த செருமானிய யூதரான இலேவி அப்போது அங்குக் கணிதத்துறைத் தலைவர். பஞ்சமும் கலவரமும் அந்நகரை அலைத்த ஆண்டுகள் அவை. அவற்றிடையேயும் எண்களின் ஆராய்ச்சி ஓயவில்லை.

1950ஆம் ஆண்டு அமெரிக்கப் பிரிஞ்சுதன் நகரத்து உயராய்வு நிலையம் ஓராண்டு வந்து தங்குமாறு அவரை அழைத்தது. ஆவாட்டுப் பல்கலைக்கழகத்திலே உலகக் கணிதர் பேரவை கூடவிருந்த காலம் அது. 1936இல் ஒசுலோவிற் கூடியபின் போரினால் தடைப்பட்டிருந்த பேரவை பதினான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் கூடிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராளராய் அதிற் கலந்துகொள்ளப் பிள்ளையவர்கள் புறப்பட்டார். ஆகத்து 31ஆம் நாள், கெய்ரோவிலிருந்து எழுந்த விமானத்தின் இயந்திரம் ஒன்று தீப்பற்றியது. விமானம் நைல் நதிக் கழிமுகத்து வயலிலே வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பேரவை அதற்கு முந்திய நாளே தொடங்கிவிட்டது. பிள்ளையவர்களுக்கு அப்போது வயது 49.

அவர் விட்டுச் சென்ற வினா ஒன்று இன்றும் தீரவில்லை. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கங்களையும் கனங்களையும் மற்ற வலுக்களையும் நிரல்பட எழுதுக. 8க்கும் 9க்கும் இடைவெளி ஒன்றே. அவ்வாறு இடைவெளி ஒன்றாக வருவது வேறெங்கும் இல்லை என்று 2002இலே நிறுவப்பட்டது. பிள்ளையவர்கள் அதனினும் பெரிதாய்க் கருதினார்: எந்த இடைவெளியை எடுத்தாலும் அது முடிவுள்ள தடவைகளே வரும் என்றார். இரண்டென்னும் இடைவெளிக்குக்கூட இதனை நிறுவியவர் இதுவரை இலர்.

அவருடைய கட்டுரைகள் யாவும் 2010ஆம் ஆண்டிலே பாலசுப்பிரமணியன், தங்கதுரை ஆகிய இருவரின் பதிப்பாய் இரு தொகுதிகளாக வெளிவந்துள்ளன. கொழும்பிலோ சென்னையிலோ வாழும் பழைய மாணவர் எவரேனும் அவ்விரண்டையும் வாங்கி அனுப்பினால், நம் கல்லூரி நூலகத்திலே இடம் ஒதுக்கி வைத்துள்ளோம்.