காணா அலையைக் கண்ட அறிஞர்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கோட்டையை நோக்கிச் செல்வோர் வல்லம் வட்டாரத்தில் பலவகை ஊர்திகளைக் காணலாம். டிராக்டர், பேருந்து, சரக்குந்து, மகிழுந்து, இருசக்கர ஊர்தி என ஒவ்வொரு வகையிலும் எத்தனை செல்கின்றன என்று அறிந்தால்தான் ஒரு சாலையின் அகலத்தையும் உறுதியையும் திட்டமிட இயலும். ஆள்களை அமர்த்தி எண்ணிய இப்பணியை இன்று உணரிகளும் செய்கின்றன. அவற்றுள் ஒருவகை, மிகச்சிறிய அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளால் இயங்குகிறது. அவ்வலைகளின் ஆய்வில் முன்னோடி ஜகதீஷ் சந்திர போஸ்.

தாய்மொழிக் கல்வி

போஸ் 1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். ஆயினும் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். மீனவரின் மகனும் பணியாளரின் மகனும் அங்கே அவருடன் அமர்ந்து பயின்றனர். நீர்வாழ் உயிர்களைப் பற்றி அவர்கள் கூறிய செய்திகள் இயற்கையின்மீது அவருக்குப் பற்றை ஊட்டின. பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் பயின்றார்.

வாங்க மறுத்த ஊதியம்

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஒரே பணிக்கு ஆங்கிலேயருக்கு ஓர் ஊதியம், இந்தியருக்கு அதனினும் குறைந்த ஊதியம் என்பது அன்றைய நடைமுறை. போஸ் அதை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியமே பெறாமல் பணியாற்றினார். வகுப்புகளைக் குறைவின்றி நடத்தினார். தந்தையின் கடன்சுமை குடும்பத்தை வருத்திய காலம் அது. இறுதியில் அரசு பணிந்தது. முழு ஊதியமும் நிலுவையுடன் கிடைத்தது. அதைக்கொண்டு தந்தையின் கடனை அடைத்தார்.

சிறிய அறை, சிறிய அலை

1894இல் கல்லூரியின் சிறிய அறை ஒன்றில் ஆய்வைத் தொடங்கினார். கருவிகளைத் தாமே வடிவமைத்தார். முறுக்கிய சணல் இழைகளும், தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடு செருகிய தொடர்வண்டிக் கால அட்டவணை நூலும் அவருக்கு ஆய்வுக்கருவிகளாயின. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரையிலான அலைகளை அவர் உருவாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மன்றத்தில், கம்பியின்றிச் சுவர்களைக் கடந்த அலைகள் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தை வெடிக்கச் செய்தன.

அலைகளை உணர, கலீனா என்னும் ஈயத் தாதுப்படிகத்தைப் பயன்படுத்தினார். நண்பர்களின் வற்புறுத்தலால் இதற்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெறப்பட்டது. எனினும் அதனால் பொருளீட்ட அவர் முனையவில்லை. அறிவு அனைவருக்கும் பொது என்பதே அவர் கொள்கை.

இன்றைய பயன்

சாலை உணரியைப் போஸ் அமைக்கவில்லை. ஆனால் அவர் ஆராய்ந்த அலைநீள எல்லைக்குள்தான் அவ்வுணரிகள் பலவும் இயங்குகின்றன. உணரி அனுப்பும் அலை ஊர்தியில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றம் விரைவைக் காட்டும். அவ்விரைவையும் ஊர்தி கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கொண்டு அதன் நீளத்தைக் கணிக்கலாம். நீளத்தால் பேருந்தும் மகிழுந்தும் வேறுபடுகின்றன.

பிற்காலத்தில் தாவரங்களின் வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கிய போஸ், 1917இல் கல்கத்தாவில் ஆய்வு நிறுவனம் ஒன்றையும் நிறுவினார். 1937 நவம்பர் 23 அன்று மறைந்தார். உரிமைக்காக ஊதியத்தைத் துறந்தவர், உலகிற்காகக் காப்புரிமையின் பயனையும் துறந்தார். அவர் ஆய்ந்த காணா அலைகள் இன்று சாலைகளைக் காத்து நிற்கின்றன.