கான் சாகிப் என்னும் மருதநாயகம்

பெரியகுளம், வத்தலக்குண்டு ஆகிய ஊர்களை அறியாத மாணவர் கம்பம் பள்ளத்தாக்கில் இரார். ஆயினும் அவற்றுள் ஒன்று ஒரு பெருவீரரின் வெற்றியையும், மற்றொன்று அவர்தம் முடிவையும் நினைவூட்டுவன என்பதைச் சிலரே அறிவர். அவ்வீரர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில், ஏறக்குறைய 1725-ஆம் ஆண்டில், வேளாளர் குடியில் மருதநாயகம் பிறந்தார் என்பர். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிய அவர், இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப் கான் எனப் பெயர் பூண்டார். முதலில் சந்தா சாகிப்பின் பக்கம் நின்றவர், 1752-இல் கிளைவின் கீழ்க் கம்பெனியார் படையிற் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போரில், பகைவர் கைப்படாது உணவுப் பொருள்களைக் கொணர்வதில் அவர் காட்டிய திறம் லாரன்சு துரையின் மனத்தைக் கவர்ந்தது. விரைவில் அவர் சிப்பாய்களின் தளகர்த்தர் ஆனார்.

1756-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை அடக்குமாறு அனுப்பப்பட்டார். மறு ஆண்டில் திண்டுக்கல்லிலிருந்து படையெடுத்து மதுரை மதில்வரை கொள்ளையிட்ட ஐதர் அலியை நத்தம் கணவாயில் எதிர்த்துப் பின்வாங்கச் செய்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, புறத்தே நின்று அவன் படையை ஓயாது அலைக்கழித்தார். 1759-இல் மதுரைக்கு மீண்டு, குத்தகை பெற்று ஆட்சி நடத்தினார். 1760-இல் வத்தலக்குண்டுக் கோட்டையை மைசூர்ப் படையிடமிருந்து மீட்டார். 1761-இல் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரையும் வென்றார்.

போரில் வல்லவரான அவர் ஆட்சியிலும் சிறந்து விளங்கினார். ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். கள்வர் பயம் நீக்கி வணிகத்தையும் நெசவையும் வளர்த்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்களை மீண்டும் வழங்கினார். பீரங்கியும் வெடிமருந்தும் மதுரையிலேயே செய்வித்தார்.

அவரது வளர்ச்சி ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கு அச்சம் விளைத்தது. யூசுப் கானோ நவாபுக்கு அடங்கியிருக்க ஒருப்படவில்லை. அவர் நவாபின் பணியாளரே எனக் கம்பெனியார் தீர்ப்பளிக்கவே, 1763-இல் தம்மைச் சுதந்திரராக அறிவித்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை உயர்த்தினார்.

அவ்வாண்டு நடந்த முதல் முற்றுகை மழைக்காலம் தொடங்கவே கைவிடப்பட்டது. 1764-இல் மேஜர் காம்பெல் மீண்டும் சூழ்ந்தார். ஜூன் 26-இல் கோட்டையைத் தாக்கிய படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கிற்று. பீரங்கியால் ஆகாததைப் பசியால் முடிக்கக் கருதிய பகைவர், உணவு செல்லும் வழியெல்லாம் அடைத்தனர். உள்ளிருந்தோர் மனந்தளர்ந்தனர். அக்டோபர் 13-இல், அவர் தொழுகையில் இருந்தபோது, அவரிடம் ஊதியம் பெற்ற பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சாந்தும், திவான் சீனிவாசராவும், பிறரும் சூழ்ந்து பிணித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். அந்தோ! இரண்டு நாளில், நவாபின் ஆணைப்படி, மதுரைக்கருகே தூக்கிலிடப்பட்டார். அவர் உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதென்றும், கால் ஒன்று பெரியகுளத்தில் அடக்கமாயிற்றென்றும் வழிவழியாகக் கூறுவர். மதுரைச் சம்மட்டிபுரத்தில் 1808-இல் எழுந்த தர்கா அவர் அடக்கத்தைக் குறிக்கின்றது.

கிரேக்க விடுதலைப் போரில் துருக்கியரைக் கிராவியாவில் தடுத்த ஒடிசியஸ் அண்ட்ருட்சோசும் இத்தகையரே. முன்னர் அலி பாஷாவிடம் ஊழியம் செய்தவர். பின்னர்ப் பகைவருடன் உறவாடினார் எனக் குற்றஞ்சாட்டப்பெற்று, 1825-இல் ஏதன்ஸ் நகரில் தம்மவராலேயே மாண்டார்.

அந்நியர் பொருட்டுப் பூலித்தேவரை ஒடுக்கிய கை, பின்னர் அவ்வந்நியரையே எதிர்த்தது. முன்னதை மறைத்துப் புகழ்தலும், பின்னதை மறந்து இகழ்தலும் நேர்மையாகா. பிறர்க்காக எடுத்த வாள் தம் நாட்டுக்கு அரணாவதில்லை என்பதைத் தம் வாழ்நாளின் இறுதியில் அவர் உணர்ந்தார் போலும். அவ்வுணர்வு காலந்தாழ்த்து வந்ததே நமக்கு அவர் விட்டுச் சென்ற படிப்பினையாகும்.