கடல் கொணர்ந்த விருந்தினர்

பாலாவிச் சந்தியில் நிற்கும்போதெல்லாம் நான் இப்னு பதூதாவை நினைத்துக்கொள்வதுண்டு. வடக்கே சில கல் தொலைவில் புத்தளம்; மேற்கே பிரிவது கற்பிட்டிச் சாலை.

1304-இல் மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்து, 1325-இல் வீடு நீங்கிய அப்பெருமகனார், 1344-இல் மாலைத்தீவிலிருந்து தமிழகக் கரை நோக்கிக் கடலேறினார். காற்றோ மரக்கலத்தை இலங்கைக்குத் தள்ளிற்று. இக்கரையை ஆள்பவன் கடற்கொள்ளையன் என்று கேள்வியுற்றிருந்த மாலுமிகள் இறங்க அஞ்சினர். அவர் துணிந்து இறங்கினார். புத்தளத்திலிருந்த ஆரியச் சக்கரவர்த்தியோ பாரசீக மொழி அறிந்தவர், முத்துகளை ஈந்தார், வேண்டியதைக் கூசாது கேட்கச் சொன்னார். வந்தவர் பாவா ஆதம் மலையைக் காணும் வழியையே வேண்டினார். பல்லக்கும் வழித்துணையும் கிடைத்தன.

பின்னர் தாயகம் மீண்டு அவர் தம் கதையைத் தாமே சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி 1355-இல் முடித்தார். அதனால்தான் இன்றும் அவர் நமக்குப் பெயரும் முகமும் உடையவராக விளங்குகிறார்.

கடல்வழி வருவோரை இன்றும் வதந்தியே முந்திக்கொள்கிறது. 2010-இல் 492 தமிழருடன் கனடாவை அடைந்த 'சன் சீ' கப்பலைப் பயங்கரவாத ஐயத்தோடு காட்டிய ஏடுகள் பல. திரைப்படங்களும் பெரும்பாலும் படகைக் காட்டுகின்றன. படகில் வந்தவரைப் பேச விடுவது குறைவு.

1990-இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களுள் மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தனர். இப்பகுதியார் உணவும் இடமும் ஈந்தனர். அவர்கள் கதையை அவர்களே சொல்லக் கேட்கும் ஓர் இப்னு ஜுஸய் வேண்டும். சாலையைப் பார்த்தபடி அவரைத்தான் எதிர்நோக்குகிறேன்.