வேதத்தை விடாது பற்றிய பப்ரிசியுஸ் ஐயர்

எக்காரியத்தையும் தொடங்குதல் எளிது. தொடங்கியதை நாள்தோறும் விடாது நடத்துதலே அரிது. வேத வாசிப்பும் இத்தன்மையதே. புத்தாண்டு பிறந்தவுடன் ஆதியாகமத்தைத் திறப்போர் பலர். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளைக் கூறும் அதிகாரங்களிலே தளர்ந்து நிற்போரும் பலர். லேவியராகமத்தைக் கடந்து அப்புறம் செல்வோர் சிலரே. திருமுடிவாக்கம் முதலிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கும், அவ்வூர்த் தொழிற்பேட்டையில் இரவும் பகலும் முறைமாறி உழைக்கும் வாலிபர்க்கும், அமர்ந்து வாசிக்கச் சற்று நேரம் வாய்ப்பதே அருமையாயிருக்கிறது. ஆதலின், இடையூறுகளுக்கு நடுவே வேதத்தோடு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்கத் துணிந்தோம்.

யொகான் பிலிப் பப்ரிசியுஸ் என்பார் 1711ஆம் ஆண்டு ஜெர்மானிய தேசத்திலே, பிராங்க்பர்ட் நகரைச் சார்ந்த கிளேபெர்க் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் கீசன் நகரத்துச் சர்வகலாசாலையிலே சட்டம் பயின்றார். பின்னர் அதனை விடுத்து, ஹாலே நகருக்குச் சென்று வேத சாஸ்திரத்தைக் கற்றார். அக்காலத்தில் ஹாலே நகரமானது பக்தி எழுப்புதலுக்குப் பேர்பெற்ற இடமாயிருந்தது. குருமாரேயன்றிக் குடியானவரும் வேதத்தைத் தாமே வாசித்தறிதல் வேண்டும் என்பது அந்நகரத்துப் பெரியோர் கொள்கை. அதன்பொருட்டு எளியோரும் வாங்கத்தக்க குறைந்த விலையில் வேத புத்தகங்களை அச்சிடும் நிலையம் ஒன்றும் 1710இல் அங்கே தோன்றியிருந்தது. இச்சூழலில் வளர்ந்த பப்ரிசியுஸ் ஐயர் 1740இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1742இல் சென்னையை அடைந்து, அங்கு ஊழியஞ்செய்திருந்த சூல்ச்சு ஐயரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அன்றுதொட்டுத் தம் ஆயுட்காலமெல்லாம் சென்னையையே தமக்கு ஊராகக் கொண்டார். அவர் விவாகஞ் செய்துகொள்ளவில்லை, தாய்நாட்டுக்குத் திரும்பவுமில்லை.

தமிழிலே வேதம் அவருக்கு முன்பும் இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டார்; பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புஸ்தகம் வரையில் முடித்து, 1719இல் காலமானார். எஞ்சிய பகுதியைச் சூல்ச்சு ஐயர் நிறைவேற்றினார். ஆயினும் முதல் முயற்சிகளுக்கு இயல்பாகவுள்ள கரடுமுரடுகள் அம்மொழிபெயர்ப்புகளில் இருந்தன. வாசிப்பவன் இடறாமல் வாசிக்கவும், கேட்பவன் தயங்காமல் உணரவும் தக்கதாக வேதத்தைத் திருத்தியமைத்தல் அவசியமாயிற்று. இப்பெரும் பணியையே ஐயர் தம் தலைமேற் கொண்டார்.

அவர் இதனைச் செய்த முறை கவனிக்கத்தக்கது. எபிரெயு, கிரேக்கு மூலங்களை ஆராய்ந்து, முன்னோர் மொழிபெயர்ப்புகளோடு ஒப்புநோக்கி, தமிழர் துணையைக்கொண்டு சொற்களைச் சீர்தூக்கி, எழுதியதை மறுபடியும் மறுபடியும் திருத்தினார். முழங்காற்படியிட்டே அவர் வேதத்தை மொழிபெயர்த்தார் என்று தமிழ்ச் சபைகளில் வழங்கிவருகிறது. ஒரு வசனத்தை மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுதல் மொழிபெயர்ப்பாளனுக்கு இயலாது. வம்ச அட்டவணையானாலும் பலிமுறையானாலும், சுவையில்லை என்று அவன் எதையும் விட்டுச் செல்ல முடியாது. சங்கீதத்துக்குக் கொடுத்த கவனத்தையே எண்ணாகமத்துக்கும் அவன் கொடுத்தாகவேண்டும்.

இனி, அவர்க்கு நேர்ந்த இடையூறுகளைக் காண்போம். அவர் சென்னைக்கு வந்து நான்கே ஆண்டுகளில், 1746 செப்டம்பர் மாதத்தில், பிரெஞ்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றினர். அடுத்த மாதத்திலேயே, திருமுடிவாக்கத்தின் அருகே ஓடிவந்து கடலிற் கலக்கும் அடையாற்றின் முகத்துவாரத்துக்குச் சமீபமாக, நவாபின் சேனைக்கும் பிரெஞ்சுச் சேனைக்கும் போர் மூண்டது. ஐயர் தம் சபையாரோடு, டச்சுக்காரர் வசத்திலிருந்த பழவேற்காட்டுக்கு ஒதுங்கினார். சமாதானம் ஏற்பட்டு 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பிற்று. ஐயரும் மீண்டு, வேப்பேரியில் தம் பணியைத் தொடர்ந்தார். 1758 டிசம்பரில் மறுபடியும் பிரெஞ்சுச் சேனை சென்னையை முற்றுகையிட்டது. வேப்பேரி சூறையாடப்பட்டது. ஐயர் இரண்டாம் முறையும் பழவேற்காட்டை நாடினார். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையிலும் போர் நடந்தது. அம்மாதத்திலேயே முற்றுகை நீங்கிற்று. ஐயர் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துட் புகுந்தபோது, சென்னையைச் சூழ்ந்த கிராமங்கள் பாழாயின. மக்கள் நகருக்குள் அடைக்கலம் புகுந்தனர். அத்துன்பத்தையும் முதுமையில் அவர் கண்டார்.

இதனால் நாம் அறிவது யாது? விடாமுயற்சி என்பது ஒருநாளும் தடைப்படாதிருத்தல் அன்று. தடைப்பட்ட பின்னர்த் திரும்பிவந்து தொடர்தலேயாம். பத்து நாள் வாசிப்புத் தவறிற்று என்று பதினோராம் நாளும் புத்தகத்தை மூடிவைப்பவன், தவறிய பத்து நாட்களால் அல்ல, அப்பதினோராம் நாளினாலேயே தோல்வியடைகிறான்.

போரினால் ஒரு நன்மையும் விளைந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த அச்சியந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அரசாங்கத்துக்கு வேண்டியவற்றையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்னும் நிபந்தனையின்மேல் அது ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இவ்வாறு தோன்றிய வேப்பேரி அச்சுக்கூடத்தில், 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவர் சென்னைக்கு வந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன! தம்மோடு உழைத்த பிரைத்தாப்டு ஐயர் துணையோடு, ஏறக்குறைய 9,000 சொற்களைக்கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியையும் 1779இல் வெளியிட்டார். பழைய ஏற்பாட்டின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. அது முற்றுப்பெற்றதோ 1796இல். அதனைக் காண அவர் உயிரோடில்லை.

பெரியோர் சரித்திரத்தில் நிறைவையே கூறிக் குறையை மறைத்தல் நேர்மையன்று. ஐயர் பண விஷயத்தில் திறமையற்றவர். பலர் நம்பிக்கையோடு அவரிடம் ஒப்புவித்த பணம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டுத் திரும்பி வராமற் போயிற்று. அதனால் முதுமையிலே அவர் பெருங்கடனில் அமிழ்ந்து, சிறைவாசமும் அநுபவிக்க நேர்ந்தது. பணத்தை இழந்தோரில் எளியோரும் இருந்திருப்பராதலின், அவர்கள் துயரத்தைச் சிறிதென்று நாம் தள்ளிவிடலாகாது. வேதத்தை அறிந்திருத்தல் ஒருவனைக் கணக்கில் வல்லவனாக்கிவிடுவதில்லை என்பதற்கு ஐயரே சான்று. எனினும், அக்கடன் தொல்லைகள் சூழ்ந்த காலத்திலும் அவர் நூற்பணியைக் கைவிடவில்லை. 1786இல் ஆங்கில–தமிழ் அகராதியும் வெளிவந்தது. அப்போது அவர்க்கு எழுபத்தைந்து வயது. நம்மிற் பலர் ஒரு குற்றத்தில் விழுந்தவுடன் வெட்கத்தினால் வேத வாசிப்பையே முதலில் நிறுத்திவிடுகிறோம். நோயுற்றவன் மருந்தை நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

1788இல் கெரிக்கே ஐயரிடம் சபையை ஒப்புவித்துவிட்டு, 1791இல் பப்ரிசியுஸ் ஐயர் சென்னையிலே மரித்தார். அவர் வாழ்வு முடிந்தும் அவர் உழைப்பு முடியவில்லை. லுத்தரன் சபையார் நெடுங்காலம் அவருடைய மொழிபெயர்ப்பையே கையாண்டனர். பவர் ஐயர் முதலானோர் 1871இல் வெளியிட்ட திருப்புதலுக்கும் அதுவே அடிப்படையாயிற்று. இன்று தமிழ் வேதத்தைத் திறக்கும் எவரும், அறிந்தோ அறியாமலோ, அவருடைய உழைப்பின் பயனை உண்கின்றனர்.

வேதத்தில் பழைய ஏற்பாட்டு அதிகாரங்கள் 929, புதிய ஏற்பாட்டு அதிகாரங்கள் 260, ஆக 1,189. நாளொன்றுக்கு மூன்றும், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்துமாக வாசிப்பவர் ஓராண்டில் முடிக்கலாம். அவ்வளவு நேரமில்லாதார் நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தாலும் மூன்றேகால் ஆண்டில் முற்றும். ஒரு பட்டம் பெறுவதற்குக் கல்லூரியில் நாம் கழிக்கும் காலத்தினும் அது சிறிதே மிகுதி. இரவுவேலை முடிந்து காலையில் வீடு திரும்புவோர் உறங்குமுன் வாசிக்கலாம். காலையிலேயே புறப்படுவோர் மாலையில் வாசிக்கலாம். எந்நேரம் என்பது பெரிதன்று. குறித்த நேரம் ஒன்று இருத்தலே வேண்டுவது. அந்நேரம் ஒருநாள் தவறினால், தவறியவற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஈடுசெய்ய முயன்று மலைத்து நில்லாமல், மறுநாள் பகுதியை அமைதியாகத் தொடர்வதே நன்று.

ஓர் அதிகாரத்தை வாசிக்க நமக்குச் சில நிமிஷங்கள் போதும். அதனை நாம் தடையின்றி வாசிக்கும்படி, ஒருவர் இருமுறை ஊர் விட்டோடியும், திரும்பிவந்து, நரை திரைகாணும் வரையில் உழைத்தார். அவ்வுழைப்புக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, அவருக்குச் சிலை நாட்டுவதன்று. அவர் திருத்தித் தந்த ஏட்டை நாள்தோறும் திறப்பதேயாம்.