பந்தும் புத்தகமும்!

குட்டீஸ்! விளையாட்டில் கெட்டிக்காரராக இருந்தால் படிப்பில் பின்தங்கி விடுவீர்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் பால் ராப்சனின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் நகரில், 1898ம் ஆண்டு ஏப்ரல் 9ம் தேதி பிறந்தார் பால். கறுப்பினக் குடும்பம். அப்பா வில்லியம் பிறக்கும்போதே அடிமை! சிறுவனாக இருந்தபோதே தப்பி ஓடி, பிறகு கல்லூரி வரை படித்து, பாதிரியார் ஆனவர். பாலுக்கு ஆறு வயது நிறையும் முன்பே அம்மா தீ விபத்தில் இறந்துவிட்டார். கடைக்குட்டியான பாலை அப்பாதான் வளர்த்தார்.

படிப்பு விஷயத்தில் அப்பா ரொம்பக் கண்டிப்பு. ஏழு பாடங்களில் முதல் தரம் வாங்கினாலும், எட்டாவது பாடத்தில் ஏன் குறைந்தது என்று கேட்பார்!

1915ம் ஆண்டு, மாநில அளவிலான தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார் பால். அது சுமார் 150 ஆண்டு பழமையான கல்லூரி. அதில் சேர்ந்த மூன்றாவது கறுப்பின மாணவர் இவர். அப்போது அங்கே படித்த ஒரே கறுப்பின மாணவரும் இவர்தான்.

கால்பந்து அணியில் சேர ஆசைப்பட்டார். நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதிக்கொண்டே ஓடும் அமெரிக்கக் கால்பந்து. முதல் நாள் பயிற்சியிலேயே சக மாணவர்கள் வேண்டுமென்றே அவரைத் தாக்கினர். மூக்கு உடைந்தது. தோளில் பலத்த காயம். பல நாள் படுக்கையில் கிடந்தார்.

விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால், தனக்குப் பின்னால் படிக்கவும் விளையாடவும் வரப்போகும் கறுப்பினச் சிறுவர்களுக்காகவும்தான் தான் அங்கே நிற்பதாக அப்பா மனதில் பதிய வைத்திருந்தார். திரும்பவும் மைதானத்துக்குப் போனார். இன்னொரு மாணவர் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்தார். அப்போதும் அவர் விலகவில்லை. அணியில் இடம் கிடைத்தது.

அவமானம் அதோடு தீரவில்லை. 1916ம் ஆண்டு, கறுப்பினத்தவர் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்றது எதிரணி. சொந்தக் கல்லூரியே பாலை வெளியே உட்கார வைத்துவிட்டது!

பால் சோர்ந்து போகவில்லை. 1917, 1918 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானார். கூடைப்பந்து, பேஸ்பால், தடகளத்திலும் அசத்தினார்.

படிப்பு? சிறந்த மாணவர்களை மட்டுமே சேர்க்கும் 'பை பீட்டா கப்பா' கழகத்தில் இடம் பெற்றார். 1918ம் ஆண்டு மே மாதம் அப்பா இறந்தார். துக்கத்தை மனதில் அடக்கிக்கொண்டு, சில நாட்களில் நடந்த பேச்சுப் போட்டிக்குப் போய் முதல் பரிசு வென்றார். 1919ல் பட்டமளிப்பு விழாவில், மாணவர்கள் சார்பில் உரையாற்றும் பெருமையும் அவருக்கே!

பிறகு தொழில்முறைக் கால்பந்து ஆடிச் சம்பாதித்துக்கொண்டே சட்டம் படித்தார். வக்கீல் அலுவலகத்திலும் நிறவெறி துரத்தியதால், பாடகராகவும் நடிகராகவும் மாறி உலகப் புகழ் பெற்றார். கறுப்பின மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். அரசுக்குப் பிடிக்காத கருத்துகளைப் பேசியதால் 1950ல் அவருடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது; எட்டு ஆண்டுகள் கழித்தே திரும்பக் கிடைத்தது. 1976ம் ஆண்டு ஜனவரி 23ம் தேதி காலமானார்.

கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் 1995ல்தான் அவர் பெயர் இடம் பெற்றது. அதற்குள் அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன!

குட்டீஸ்! மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வீடு திரும்பியதும் புத்தகத்தையும் அதே ஆசையோடு எடுங்கள். உங்கள் அணியில் யாரையாவது ஒதுக்கி வைத்திருந்தால், நாளைக்கே அவரையும் ஆட்டத்துக்கு அழையுங்கள். சரிதானே?