கோட்டையை இழந்தவரின் நூல்

செல்ஜுக் துருக்கியப் பேரரசு சிதறிய பின்னர், 12-ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் துருக்கியத் தளபதிகள் ஆளுக்கொரு நகரைப் பிடித்து ஆண்டனர். கடற்கரையிலோ சிலுவைப் போராளிகளின் அரசுகள். இவற்றுக்கு நடுவே, ஒரோன்டஸ் ஆற்றங்கரையில் இருந்த ஷைசர் கோட்டையை முன்கித் என்ற அரபுக் குலத்தினர் 1081 முதல் ஆண்டு வந்தனர். அக்குலத்தில் 1095-இல் பிறந்தவர் உசாமா இப்னு முன்கித்.

அவருடைய தந்தை முர்ஷித், ஆட்சியைத் தம் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வேட்டையிலும் குர்ஆனைப் படியெடுப்பதிலும் காலம் கழித்தவர். ஆண் வாரிசு இல்லாதிருந்த சிற்றப்பன் முதலில் உசாமாவிடம் அன்பு காட்டினார். தமக்கு மகன்கள் பிறந்ததும் மனம் மாறினார். தந்தை மறைந்த மறு ஆண்டே, 1138-இல், உசாமா நாடு கடத்தப்பட்டார்.

அதன்பின் அவர் வாழ்ந்தது பிறர் அரசவைகளில்தான். டமாஸ்கஸிலிருந்து தூதராக ஜெருசலேம் சென்று, எதிரிகளான கிறிஸ்தவ வீரர்களிடமும் நட்புக் கொண்டார். கெய்ரோவின் அரண்மனைச் சதிகளில் அவர் பெயரும் அடிபட்டது. 1154-இல் அங்கிருந்து தப்பியோடினார். பின்னர் அவர் குடும்பத்தினர் எகிப்திலிருந்து கடல்வழியே வந்தபோது, ஜெருசலேம் மன்னர் அளித்த பாதுகாப்பு உறுதியையும் மீறி அக்கப்பல் கொள்ளையிடப்பட்டது. குடும்பம் உயிர் பிழைத்தது. 4,000 நூல்கள் பறிபோயின. மற்ற இழப்புகளைப் பொறுத்துக்கொண்ட அவருக்கு நூல்களின் இழப்பு ஆயுள் முழுதும் ஆறாத புண்ணாயிற்று.

1157-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஷைசர் இடிந்து விழுந்தது. விழா ஒன்றுக்காகக் கூடியிருந்த ஆளும் குடும்பத்தினர் ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். சிற்றப்பன் விரட்டியதால் மட்டுமே உசாமா உயிரோடிருந்தார். கோட்டையை நூருத்தீன் கைப்பற்ற, சிற்றரசு மறைந்தது.

பின்னர் டைகிரிஸ் கரையிலுள்ள ஹிஸ்ன் கைஃபாவில், அர்துக் துருக்கியச் சிற்றரசரின் ஆதரவில் பத்தாண்டுகள் எழுதினார். 1174-இல் சலாஹுத்தீன் அவரை டமாஸ்கஸுக்கு அழைத்தார். தொண்ணூறு வயதை எட்டிய நிலையில், தம் நினைவுகளைத் தொகுத்து 'கிதாப் அல்-இஃதிபார்' என்ற நூலாக்கினார், 1188-இல் மறைந்தார்.

அந்நூலின் ஒரே கையெழுத்துப் படி, 1880-இல் ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில், முதல் பக்கங்கள் இல்லாத நிலையில் கண்டெடுக்கப்பட்டது. ஷைசர் இன்று இடிபாடு. ஹிஸ்ன் கைஃபாவின் பழைய நகரம் 2020-இல் இலிசு அணையின் நீரில் மூழ்கியது. சலாஹுத்தீனைப் போன்ற பேரரசர்களை வரலாறு எப்படியும் நினைவில் வைத்திருக்கும். ஷைசர் போன்ற சிற்றரசுகளில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாம் அறிவதோ, நாடிழந்த ஒரு முதியவர் எழுத உட்கார்ந்ததால்தான். பழஞ்சுவடி ஒன்றைப் பேணாமல் விடும் ஒவ்வொரு முறையும் நாம் எதை இழக்கக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.